என் கையால் போட்ட அவள் கையெழுத்து

1

பெர்த்தில் மதியம் இரண்டு நாற்பது. கோவில்பட்டியில் அப்போது பன்னிரண்டு பத்து.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. இடதுபக்கம் இந்த ஊர் நேரம், வலதுபக்கம் அந்த ஊர் நேரம். வந்த வருடம் மாட்டியது, பத்தொன்பது வருடமாக ஓடுகிறது. அன்றைக்கு போன் அடித்ததும் இரண்டையும் பார்த்தேன். என் கணவர் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

“மும்தாஜ், ஆஃப்ரின் ஒனக்கு எதுவும் பேசினாளா?”

“இல்லியே. ஒங்க கூடத்தான இருக்கா?”

“கூடத்தான் இருந்தா.”

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பின்னால் லாரி ஹாரன்.

“ஜமாஅத் ஆபீஸ்ல உக்காந்திருந்தோம். செக்ரட்டரி பேப்பரை எல்லாம் சரிபாத்தாவ. இவ என்னமோ கேட்டா, அவிய வாசிச்சுக் காட்டினாவ. பொறவு தண்ணி கேட்டா, குடிச்சா. அத்தா, வெளிய நிக்கேன்னு சொல்லிட்டுப் போனா. நான் வந்து பாத்தா செருப்பைக் காணும். நாப்பது நிமிசம் ஆச்சு.”

“எதை வாசிச்சுக் காட்டினாவ?”

“அதான், அந்தச் சம்மத ஃபார்ம்.”

கையில் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். “எங்க அண்ணனை விட்டுத் தேடச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னேன்.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும்.

ஆஃப்ரின் எங்கள் ஒரே பெண். ஆறு வயதில் இங்கே வந்தாள், இப்போது இருபத்தைந்து. இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். மாப்பிள்ளை ரியாஸ், விளாத்திகுளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் குடும்பம். என் அண்ணன் பார்த்துச் சொன்ன இடம். நிக்காஹுக்கு மூன்று வாரம் இருந்தது. அப்பாவும் மகளும் முன்னால் போய் கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார்கள்.

நான் ஏன் போகவில்லை? போக முடியவில்லை. அவர்கள் இருவரும் பல வருடம் முன்பே இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். நான் தள்ளித் தள்ளிப் போட்டு, இந்த வருடம்தான் உறுதிமொழி எடுத்தேன். எடுத்த கையோடு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். அதற்குப் பதில் ஊருக்குப் போய்வர ஓர் அட்டை தருவார்கள். அதற்கு விண்ணப்பித்தால், என் அத்தா பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பழைய பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருக்கிறதாம். பிரமாணப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். இணையத்தில் தினமும் பார்ப்பேன். ‘பரிசீலனையில் உள்ளது.’ பிறந்த ஊருக்குப் போக நான் பரிசீலனையில் இருந்தேன்.

ஆஃப்ரின் பெற்றோர் பார்க்கும் கல்யாணத்தை எதிர்த்தவள் இல்லை. இதை ஊரில் பலர் நம்புவதில்லை. வெளிநாட்டில் வளர்ந்த பெண், வேறு யாரையாவது விரும்பியிருப்பாள் என்றுதான் நினைக்கிறார்கள். அவளே ஒருநாள் வேலையிலிருந்து வந்து சோபாவில் விழுந்தபடி சொன்னாள்: “அம்மா, நீங்களே பாருங்க. என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் கல்யாண ஆப்ல தேடித் தேடி டயர்டாயிட்டாங்க. சோமாலியாப் பொண்ணு ஒருத்தி நாப்பது பேர்ட்ட பேசிட்டா. நாப்பது! ஆனா ஒரு கண்டிஷன். நீங்க காட்டுங்க. நான்தான் சொல்வேன்.”

காட்டினோம். ரியாஸோடு மூன்று முறை வீடியோவில் பேசினாள். என் கணவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்தார். மூன்றாம் முறை பேசி முடித்ததும் நான் கேட்டேன்.

“எப்படி?”

“நல்லவரா இருக்காரு. சிரிக்க வைக்காரு. யோசிக்கணும்.”

நான் வளர்ந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை ‘நல்லவர்’ என்று சொல்லிவிட்டு ‘யோசிக்கணும்’ என்றால், அதற்குச் சரி என்று பொருள். வெட்கத்துக்காகச் சேர்த்துக்கொள்வது. அன்றைக்கே அண்ணனுக்குப் பேசிவிட்டேன். அண்ணன் விளாத்திகுளத்துக்குப் பேசிவிட்டார். நாள் குறித்தார்கள். நாள் குறித்ததை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “சரி, ஊருக்குப் போய் நேர்ல பாத்துட்டு முடிவு சொல்லுதேன்” என்றாள். அதையும் நான் ‘சரி’ என்ற ஒரே சொல்லாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

3

அந்தப் படிவம் வந்தது ஒரு வியாழக்கிழமை. எங்கள் ஜமாஅத்தில் இப்போது புது ஒழுங்கு. நிக்காஹுக்கு முன்பே மணமகள், மணமகன் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நல்ல ஒழுங்குதான். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து கமிட்டி கூடும், அதற்குள் அனுப்ப வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அச்செடுத்தேன். ஆஃப்ரினுக்குச் செய்தி அனுப்பினேன்.

பதில் வந்தது: “ஷிஃப்ட் முடிய லேட்டாகும்மா. நாளைக்குப் படிச்சுக் காட்டுங்க, போடுதேன்.”

அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இரண்டு வருடம் அனுப்பினோம். பிறகு நீச்சல் வகுப்பும் அதே நேரத்துக்கு வந்தது. நீச்சல் ஜெயித்தது.

படிவத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் மனப்பூர்வமான சம்மதத்துடன்’ என்று ஒரு வரி. அதில் படித்துக் காட்ட என்ன இருக்கிறது என்று தோன்றியது. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசியில் ஒரு வால் இழுப்பாள். பழைய உறை ஒன்றில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பிறகு படிவத்தில் போட்டேன். படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அவள் கேட்டபோது, “அனுப்பியாச்சு, அங்கன போய்ப் பாத்துக்கலாம்” என்றேன். அவள் வேறு படிவம் என்று நினைத்திருக்கலாம். பெட்டி கட்டும் அவசரத்தில் விட்டுவிட்டாள்.

எங்களுக்குள் கையெழுத்து விளையாட்டு புதிதும் இல்லை. வந்த புதிதில் பள்ளியிலிருந்து சுற்றுலாவுக்கு அனுமதிப் படிவம் வரும். எனக்கு அந்த ஆங்கிலம் ஓடாது. எட்டு வயது ஆஃப்ரின் படித்து, தானே கட்டங்களை நிரப்பி, “இங்கன போடுங்கம்மா” என்று விரலால் காட்டுவாள். நான் போடுவேன். எதற்குப் போட்டேன் என்று சில சமயம் அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் தெரியும். அவள் சொன்ன இடத்தில் நான் போட்டேனே, இப்போது அவளுக்காக நான் போட்டால் என்ன என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில் நான் மறைக்கக் கூடாத இன்னொன்று உண்டு. எனக்கு வேலை ஒரு குழந்தைகள் காப்பகத்தில். தினமும் காலையில் என் முதல் வேலை சம்மதப் படிவங்களைச் சரிபார்ப்பது. வெயிலுக்குக் களிம்பு தடவலாமா, காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கலாமா, படம் எடுக்கலாமா. தாயோ தகப்பனோ கையெழுத்துப் போடாத பிள்ளையின் கன்னத்தில் நான் களிம்பு தடவ மாட்டேன். ஒருமுறை ஒரு பிள்ளையின் அத்தை அவசரத்தில் போட்ட கையெழுத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினேன். மேலாளர் பாராட்டினார்.

4

மூன்று பத்துக்கு அண்ணன் போன் செய்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்.

“ஏட்டி, ரயில்வே ஸ்டேஷன் பாத்தாச்சு. இங்கன பாத்துக்கிட்டு இருக்கேன். சுரிதார் என்ன கலரு? ஒங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் இல்லயாம்.”

“பச்சை. இல்ல, நீலம். தெரியல அண்ணே.”

“பெத்தவளுக்குத் தெரியலன்னா நான் யார்ட்ட போய்க் கேக்க? அவ போன் என்னாச்சு?”

“அது இந்த ஊர் சிம். ஒங்க வீட்டு வைஃபைலதான் வேலை செய்யும்.”

“நல்லாத்தான் இருக்கு. ஒரு எரநூறு ரூவா சிம்மு வாங்கிக் குடுக்க ஒங்க வீட்டுக்காரருக்கு நேரமில்ல.” கொஞ்சம் இறங்கி, “அழாத. மழை வேற வருது. எங்க போயிருவா?” என்றார்.

எங்கே போய்விடுவாள் என்பதுதான் என் கேள்வியும். ஒவ்வொரு பதிலும் கண்முன் வந்தது. மழை பெய்தால் கரிசல் ரோட்டோரம் காலை வாங்கிக்கொள்ளும், அவளுக்கு அது தெரியாது. தண்டவாளம் தெரு முனையிலிருந்து எத்தனை தூரம் என்று எனக்கு மனப்பாடம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எங்கெங்கே என்று தெரியும். இங்கே பாதசாரி விளக்கு பச்சையாகாமல் ரோட்டைக் கடக்காத பிள்ளை அவள்.

ஆனால் உண்மையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முதலில் வந்த பயம் கிணறும் தண்டவாளமும் இல்லை. விளாத்திகுளத்தில் என்ன சொல்வார்கள் என்பதுதான் முதலில் வந்தது. நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த அன்று, ஆறு மணி வரை கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. புத்தகம் படித்தாள், வீட்டுக்கு வந்தாள். அவள் தங்கைகளுக்கு இடம் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆறு மணிப் பேச்சு வந்தது. பத்து வருடம் வந்தது. பெர்த்தில் ஜகரண்டா பூத்து ரோடெல்லாம் ஊதாவாகக் கிடக்க, நான் ஜன்னலருகே நின்று அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அட்டை வழங்கும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எதற்கு என்று தெரியாது. அன்றைக்கே தந்துவிடுவார்கள், அன்றைக்கே விமானம் ஏறிவிடலாம் என்று ஏதோ. அவசரம் என்றால் ஒன்றை அமுக்கு என்றது. அமுக்கினேன். அவசரம் என்பது மரணமா, நோயா என்று ஒரு பெண் கேட்டாள்.

“என் மகளைக் காணவில்லை” என்றேன்.

“மன்னிக்கவும், அந்தப் பிரிவு எங்களிடம் இல்லை” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

5

எனக்கு நிக்காஹ் நடந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. கோவில்பட்டியில், எங்கள் வீட்டில்தான். ஆண்கள் முன்கூடத்தில். நான் உள்ளறையில், திரைக்கு இந்தப் பக்கம், ஜரிகை முக்காட்டுக்குள் தலை குனிந்து. பெண் சார்பில் பேசும் வக்கீலாக என் பெரியத்தாவும், இரண்டு சாட்சிகளும் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, அவர் கொடுக்கும் இன்ன மஹர் தொகைக்கு, உன்னை நிக்காஹ் செய்துவைக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். நான் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்டார்கள். என் மாமி என் தொடையில் கிள்ளினாள். வலித்தது, அப்போதும் பேசவில்லை. மூன்றாம் முறை மாமியே, “சரின்னு சொல்லுதா, சரிங்கா, போய் ஓதுங்க” என்றாள். அறையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு மறுப்பு ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு அமைந்தவர் நல்ல மனிதர். வந்த புதிதில் நான் காய்ச்சலில் கிடந்தபோது யூடியூப் இல்லாத காலத்தில் அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு ரசம் வைத்தவர். அதனால்தான் யோசிக்காமலே இருந்துவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது ஒரு கேள்வி என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஓதுவதற்கு முன் சொல்ல வேண்டிய ஒரு வாசகம், அதைச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மார்க்கம் பெண்ணிடம் கேட்கச் சொல்கிறது, அவள் மறுத்தால் நிக்காஹ் இல்லை என்பதை நான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டது இங்கே, ஆஃப்ரினுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

6

மூன்று ஐம்பதுக்குக் கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

“அந்தக் கையெழுத்து அவ போட்டது இல்ல. நான் போட்டேன்.”

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னங்க...”

“செக்ரட்டரி வாசிச்சுக் காட்டிட்டு, இதான ஒங்க கையெழுத்துன்னு கேட்டாவ, மும்தாஜ். எம்பிள்ளை ஆமான்னு சொன்னா. ஒன்னைக் காட்டிக் குடுக்காம ஆமான்னு சொல்லிட்டுத்தான் தண்ணி கேட்டிருக்கா.”

அப்போது என் போனில், வாட்ஸ்அப்பில், இன்னொரு அழைப்பு வந்தது. முன்பின் தெரியாத இந்திய எண். தினமும் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று இப்படித்தான் வரும். வெட்டிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி வெட்டினேன். கணவர் போனை வைத்து ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

திருப்பி அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு குரல். ஒரு மணி நேரம் அதே குரல். அண்ணன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், அந்த எண்ணை முயன்றுகொண்டே இருந்தோம். ஐந்து ஐந்துக்குத்தான் மணி அடித்தது.

“ஹலோ, யாரு?” ஒரு பெண் குரல். பின்னால் ஆடு கத்தியது.

“அம்மா, இந்த நம்பர்லேருந்து எனக்கு ரெண்டு தடவை போன் வந்துச்சு. நான் ஆஸ்திரேலியாலேருந்து பேசுதேன்.”

“ஆத்தாடி! அந்தப் பிள்ளைக்க அம்மையா? ஏம்மா, போனை எடுக்க மாட்டியளா? பிள்ளை மூஞ்சி சுண்டிப் போச்சு.”

“அவ எங்க இருக்கா? நல்லா இருக்காளா?”

“நல்லாத்தான் இருந்தா. நான் பசுவந்தனை. செல்லத்தாயின்னு பேரு. களையெடுத்துட்டு பஸ் ஸ்டாப்புல மழைக்கு ஒதுங்கி நிக்கேன், பஸ்ஸு வந்து எல்லாரும் எறங்கின பொறவும் ஒரு பிள்ளை உள்ளயே உக்காந்திருக்கு. என்னம்மான்னா, நான் விளாத்திகுளத்துக்கு பஸ் எடுத்தேங்கா. பஸ்ஸை எடுத்தியா, நீயாட்டி ஓட்டிட்டு வந்தன்னு கேட்டேன். பேச்செல்லாம் டிவில பேசுத மாதிரி இருக்கு.”

பலகை தமிழில்தானே இருக்கும். அவள் வாசிக்க முடியாமல் யாரோ கை காட்டிய பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ். கண்டக்டர் ஊர் கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். நீச்சல் ஜெயித்த கதையை முன்பே சொன்னேன்.

“இப்ப எங்கம்மா இருக்கா?”

“எம்போன்ல ஒங்களுக்குப் போட்டா, எடுக்கல. பொறவு யாருக்கோ போட்டா. ஒரு பையன் பைக்ல வந்தான்.”

“யாரு? எந்தப் பையன்?”

“தாடி வச்சிருந்தான்.”

ரியாஸுக்குத் தாடி உண்டு. உலகத்தில் பாதிப் பையன்களுக்கு இப்போது தாடி உண்டு. அவன் விளாத்திகுளத்துக்காரனா, இவளை ஏற்கெனவே தெரிந்தவனா, இந்த வரனுக்கு வெளியே வேறு யாராவதா. ஒரு நொடியில் என் மகளைப் பற்றி நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். வாயிலிருந்து வந்தது பைத்தியக்காரக் கேள்வி.

“அவன்ட்ட மருந்துக்கடை வாடை அடிச்சுதா?”

“நான் என்ன மோந்தா பாத்தேன்?” செல்லத்தாய் சிரித்துவிட்டாள். பிறகு என் அழுகை கேட்டிருக்க வேண்டும், குரல் மாறியது. “தாயி, இங்க கேளுங்க. ரெண்டு பேரும் எம்முன்னாலதான் நின்னு பேசுனாவ. ஒரு தாளைக் காட்டிக் காட்டிப் பேசுனாவ. பைக்ல ஏறுங்கன்னான். மாட்டேன்னுட்டா. கோயில்பட்டி பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டா. அந்தப் பையன் பஸ்ஸுக்குப் பின்னாலயே பைக்ல போறான், கொட்டுத மழையில. எம்பியோட கார் பின்னால போலீஸ் போற மாதிரி. எனக்கு சிரிப்பாணி தாங்கல.”

“ரொம்ப நன்றிம்மா.”

“நன்றி கெடக்கட்டும். இனிமே தெரியாத நம்பர்னாலும் எடுங்க.”

7

அண்ணன் வீட்டு முன்கூடத்தில், தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்த போன் வழியாக நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலதுபக்கக் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. அங்கே அஸர் தொழுது வந்த என் கணவர் தொப்பியைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். கோபம் எனக்குப் பழக்கம்தான். அந்த மௌனம் புதிது.

இதை எழுதும் இன்றைக்கு அதெல்லாம் நடந்து பதினாறு நாள் ஆகிறது. அவர் இப்போது பேசுகிறார், சாப்பிட்டாயா என்று கேட்கிறார். குறித்த நாளைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது ரத்தா, ஒத்திவைப்பா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையை நானே கிழித்துப் போட்டுவிட்டேன். என் அட்டை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. போன் அடித்தால் எந்த எண் என்றாலும் எடுக்கிறேன். மனை விற்கிறவர்களிடம் எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு முதலில் பைக் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன், “வந்துட்டா, வந்துட்டா” என்றார். என் மகள் வாசலில் நின்று செருப்பைக் கழற்ற முயன்றாள். செருப்போடு கணுக்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது, வரவில்லை. குனிந்து கையால் பிய்த்தாள். சுரிதார் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மஞ்சள்.

அவளுக்குப் பின்னால், சொட்டச் சொட்ட நனைந்து, ரியாஸ். உள்ளே வராமல் படியிலேயே நின்றான்.

“வாங்க மாப்பிள்ளை” என்று சொல்ல அண்ணன் வாயைத் திறந்து, அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

ரியாஸ் சட்டைக்குள்ளிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்தான். மருந்துக்கடை உறை. அதற்குள் மடித்த ஒரு தாள்.

“மாமா, இது எங்க ஜமாஅத்துல குடுத்த என் சம்மத ஃபார்ம். நகல் வாங்கிட்டு வந்தேன்.” என் கணவரிடம் நீட்டினான். “இதுல இருக்க கையெழுத்து என்னுது இல்ல. எங்கத்தா போட்டது. கடையில கூட்டமா இருந்துச்சு, நீ யாவாரத்தப் பாரு, நான் போட்டுருதேன்னு போட்டுட்டாவ. இவங்க போன் பண்ணி, ஒங்க ஃபார்ம்ல நீங்கதான் போட்டீங்களான்னு கேட்ட பொறவுதான் நான் போய்ப் பாத்தேன்.”

என் கணவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“ஒங்களுக்கு இதுல விருப்பம் இல்லியா தம்பி?”

“அது இல்ல மாமா. என்ட்ட யாரும் கேக்கல. பையன்ட்ட என்னத்தக் கேக்கன்னு விட்டுட்டாவ. எங்கத்தாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதுலேருந்து நானும் எதுக்கும் வாயத் திறக்கல.” கொஞ்சம் தயங்கினான். “இவங்க பஸ்ல வந்தாங்க, நான் பின்னால வந்தேன். நனைஞ்சுக்கிட்டே யோசிச்சேன். எனக்கும் யோசிக்கணும்.”

ஆஃப்ரின் சிரிக்கவில்லை. ஆனால் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு நட்பு இருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பயமாகவே இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுவேனோ, மறுபடி நானே ஒரு பதிலை எழுதிவிடுவேனோ என்று.

அவள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். வரும் வழியில் ஜமாஅத் அலுவலகத்தில் வாங்கியிருக்கிறாள். எழுதாத படிவங்கள். ஒன்றை ரியாஸிடம் கொடுத்தாள். ஒன்றை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

“அத்தா, நாங்க எப்பப் போடுவோம்னு கேக்காதீங்க. போடுவோமான்னும் கேக்காதீங்க. மாமா, நீங்களும்.”

அண்ணன் தலையாட்டினார். அவர் யாருக்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் குடத்தடிக்கு வந்து உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. நெற்றியில் ஒரு துளி மண். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்றுதான் ஆரம்பித்தேன், முடிக்கவில்லை.

“பஸ்ல தப்பான ஊர்ல எறங்குனதும் முதல்ல ஒங்களுக்குத்தான் போட்டேன்மா. நீங்க எடுக்கல.”

“தெரியும். தெரியாத நம்பர்னு...”

“கோவத்துல போடல. திட்டவும் போடல. ஒண்ணு கேக்கணும்னு போட்டேன்.”

“கேளு.”

அவள் போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் கேட்காதபடி, மெதுவாக, பள்ளிப் படிவத்தில் விரல் வைத்துக் காட்டும் அதே பொறுமையோடு கேட்டாள்.

“ஒங்கள்ட்ட யாராவது கேட்டாங்களாம்மா?”